மதியம் 1.5 சென்டுக்குக் கொடுத்து ராத்திரி 30 சென்டுக்கு வாங்குகிறேன்: சோலார் கரண்டை வீட்டிலேயே செலவழிக்க என்ன வழி?

டார்னீட்வாசி எழுதியது:

வணக்கம். மெல்பர்ன் மேற்குப் பக்கம், டார்னீட். 2019 கடைசியில் 6.6 கிலோவாட் பேனலும், அதில் வருவதை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் போட்டோம். அப்போது விக்டோரியாவில் ஃபீட்-இன் ரேட், அதாவது நாம் கிரிட்டுக்கு (பொது மின்கட்டமைப்புக்கு) அனுப்புகிற யூனிட்டுக்குத் தருகிற விலை, குறைந்ததே 12 சென்ட். மிஞ்சினது கிரிட்டுக்குப் போனால் போகட்டும், பில்லில் கழித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டோம். அது தேய்ந்து தேய்ந்து 2024-25ல் 3.3 சென்டுக்கு வந்தது, 2025 ஜூலையில் குறைந்தபட்ச ரேட் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. இப்போது எனக்குக் கிடைப்பது 1.5 சென்ட். வாங்குவது 30 சென்ட், இருபத்துநாலு மணி நேரமும் ஒரே விலை.

போன சனிக்கிழமை நல்ல வெயில். ஆப்பில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்: உற்பத்தி 32 யூனிட், அதில் வீட்டில் செலவானது 7, கிரிட்டுக்குப் போனது 25. வெயில் இறங்கினதிலிருந்து மறுநாள் காலை வரை வாங்கியது 11. அதாவது 25 யூனிட் கொடுத்து 37 சென்ட் வரவு, 11 யூனிட் வாங்கி 3 டாலர் 30 சென்ட் செலவு. பார்க்கவே வயிறு எரிகிறது.

வீட்டில் நாலு பேர். சுடுதண்ணீர் கேஸ், டக்டட் ஹீட்டிங் (குழாய் வழியாக எல்லா ரூமுக்கும் சூடான காற்று விடுவது) கேஸ், அடுப்பும் கேஸ். ஸ்பிளிட் ஏசி இரண்டு. கார் பெட்ரோல். மனைவிக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. மாவு அரைப்பது, துணி துவைப்பது, பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாவற்றையும் மதியத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டோம், பில்லில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பேட்டரி விற்க வந்தவர் 40 யூனிட் பேட்டரி போடுங்கள், அரசாங்கச் சலுகை இருக்கும்போதே பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார். போடலாமா, இல்லை அதற்கு முன்னால் செய்யவேண்டியது ஏதாவது இருக்கிறதா?


பழைய ஃபியூஸ் (டண்டினோங்) எழுதியது:

தம்பி, பேட்டரிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. உங்கள் வீட்டில் கூடச் சக்தி தின்கிற சாமான் இரண்டு, சுடுதண்ணியும் குளிர்கால ஹீட்டிங்கும். இரண்டுமே கேஸில் ஓடுது. கூரையில் வருகிற கரண்டை அவை தொடுவதே இல்லை, பிறகு எப்படி வீட்டில் செலவாகும்?

சுடுதண்ணியில் இருந்து தொடங்குங்கோ. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 200 லீட்டர் என்று வைப்போம். குழாயில் 15 டிகிரியில் வருவதை 60க்கு ஏற்ற வேண்டும். அதற்குக் கிட்டத்தட்டப் பத்தரை யூனிட் வெப்பம் வேணும். சாதாரண எலெமென்ட் (சூடாக்கும் கம்பிச் சுருள்) வைத்த டாங்க் என்றால் பத்தரை யூனிட் கரண்டும் அப்படியே போகும். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருந்து வெப்பத்தை இழுக்கிறபடியால் மூன்று, மூன்றரை யூனிட்டோடு காரியம் முடியும்.

அப்ப கூடக் கரண்ட் எடுக்கிற எலெமென்ட்தானே மிச்சச் சோலாரைக் காலி செய்ய நல்லது என்று சிலர் கேட்பார்கள். டிசம்பரில் சரி. ஜூனில் உங்கள் 6.6 கிலோவாட் ஒரு நாளைக்குப் பத்து யூனிட் தந்தாலே பெரிய காரியம், அதை முழுக்கத் தண்ணிக்கே கொடுத்துவிட்டு வீட்டுக்கு என்ன செய்வது? அதோடு எலெமென்ட் 3.6 கிலோவாட்டை ஒரே இழுவையாக இழுக்கும். முகில் ஒன்று மறைத்தால் பேனலில் வருவது ஒரு கிலோவாட்டுக்கு இறங்கும், மிச்சம் கிரிட்டில் இருந்து 30 சென்டுக்கு வரும். ஹீட் பம்ப் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்குள் மெதுவாக மூன்று நாலு மணித்தியாலம் ஓடும், முகில் வந்தாலும் சமாளிக்கும். விடியக்காலை 4 டிகிரிக் குளிரில் ஓடுவதைவிட மத்தியானம் 13, 14 டிகிரியில் ஓடினால் இன்னும் குறையத்தான் எடுக்கும். மெல்பர்ன் குளிருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கேஸை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போட மாநிலத்தின் எனர்ஜி அப்கிரேட்ஸ் சலுகையும் மத்திய அரசின் எஸ்டிசி என்கிற சான்றிதழ் வழிச் சலுகையும் இருக்கு. ஃபோன் அடித்து இலவசம் என்று சொல்கிறவர்களிடம் போகாதேயுங்கோ. அந்தத் திட்டத்தை ஃபோனில் விற்பதையும் வீடு வீடாகக் கதவு தட்டி விற்பதையும் 2024இலேயே தடை செய்தாயிற்று. வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கோ: உள்ளேயே டைமர் இருக்கா, தொட்டி எத்தனை லீட்டர். மலிவுக்குக் கட்டி விடுகிற 170 லீட்டர் நாலு பேருக்குக் காணாது, பின்னேரக் குளிப்போடு முடிந்து இரவில் திரும்ப ஓடத் தொடங்கும், அப்ப வெயிலுக்கு எங்கே போவது? 270 பக்கம் எடுங்கோ. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைக்க விடாதேயுங்கோ, உங்களுடையதுக்கும் சரி பக்கத்து வீட்டாருடையதுக்கும் சரி.


ஹோம்புஷ்காரன் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது சிட்னி ஆட்களுக்கு முக்கியம். இங்கே பழைய வீடுகளில் சுடுதண்ணீர் டாங்க் 'கண்ட்ரோல்டு லோட்' என்று தனி மீட்டர் வரியில் இருக்கும், ராத்திரி மலிவு ரேட்டில் ஓடும். சோலார் போட்டதும் டாங்க்கும் சோலாரில் ஓடுகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடாது. தனி மீட்டரில் இருக்கிறவரை கூரையில் பத்து கிலோவாட் வந்தாலும் அந்த டாங்க்குக்கு ஒரு சொட்டு போகாது. பில்லை எடுத்துப் பாருங்கள், கண்ட்ரோல்டு லோட் என்று தனி வரி இருந்தால் எலெக்ட்ரீஷியனை வைத்து டாங்க்கைப் பொது சர்க்யூட்டுக்கு மாற்றி, டைமரோ சோலார் டைவர்ட்டரோ போட வேண்டும். டைவர்ட்டர் என்பது மிஞ்சுகிற அளவை மட்டும் பார்த்து எலெமென்ட்டுக்கு விடும், முகில் வந்தால் தானே குறைத்துக்கொள்ளும். டைமரைவிட விலை அதிகம்தான், ஆனால் டாங்க் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஹீட் பம்ப் போடுவதற்கு முன்னால் இதை யோசிக்கலாம். ஒரு எச்சரிக்கை, எந்த ஏற்பாடு செய்தாலும் தண்ணீர் 60 டிகிரியைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்துவிடும். தொடர்ந்து மழை என்றால் கிரிட்டிலிருந்தாவது ஏற்றிக்கொள்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் மாதிரி நாமே ஸ்விட்ச் போர்டைக் கழற்றி மாட்டிக்கொள்கிற வேலை இங்கே வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் வயரிங் தொடுவது சட்டப்படி குற்றம், தீ விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸும் கையை விரித்துவிடும்.

மின்கம்பி வலையை நடத்துகிற ஆஸ்கிரிட் கம்பெனியின் எங்கள் ஏரியாவில் இன்னொரு கூத்து. பகல் 10 முதல் 3 வரை ஓர் இலவச அளவுக்கு மேல் கிரிட்டுக்கு அனுப்பினால் யூனிட்டுக்கு ஒரு சென்டுக்குச் சற்று மேல் கட்டணம், சாயங்காலம் 4 முதல் 9 வரை அனுப்பினால் அவர்கள் நமக்குத் தருவார்கள். எல்லா கம்பெனியும் இதை நேரடியாக பில்லில் காட்டுவதில்லை. 2010ல் 60 சென்ட் கொடுத்து வாங்கின அதே மாநிலம் இது, நினைவிருக்கிறதா?


உப்புக்காற்று (அடிலெய்ட்) எழுதியது:

டார்னீட் தம்பி, பில்லில் ஏன் தெரியவில்லை என்று கேட்டீர்கள் இல்லையா, ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தால் விளங்கிவிடும். நம் டேபிள்டாப் கிரைண்டர் 150, 200 வாட். முக்கால் மணி நேரம் அரைத்தாலும் 0.15 யூனிட்டைத் தாண்டாது, நாலரை சென்ட். அதற்காக உளுந்தை வெயில் நேரம் பார்த்து ஊறப்போட்டு வீட்டில் எல்லோரையும் படுத்த வேண்டாம், எப்போது வசதியோ அப்போது அரையுங்கள். துணி மெஷினும் பச்சைத் தண்ணீரில் ஓடினால் கால் யூனிட்தான், 60 டிகிரியில் போட்டால்தான் ஒரு யூனிட்டைத் தாண்டும். பாத்திர மெஷின் ஒரு யூனிட் பக்கம், அதை மட்டும் டிலே ஸ்டார்ட் வைத்து மதியத்துக்குத் தள்ளுங்கள், போதும்.

எங்கள் வீட்டில் பெரிய வித்தியாசம் தெரிந்தது ஏசியில். வேலைக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வந்து, கொதிக்கிற வீட்டில் ஏசியைப் போட்டால் அது முழு வேகத்தில் ஓடும், சரியாக விலை ஏறுகிற நேரத்தில். அதற்குப் பதில் 40 டிகிரி நாளில் பதினொரு மணிக்கே 24ல் போட்டு விட்டுப் போகிறோம், ஐந்து மணிக்கு 26க்கு ஏறிவிடும்படி ஆப்பில் வைத்திருக்கிறோம். மேற்கு ஜன்னலுக்கு வெளி ஷட்டர் முக்கியம், உள்ளே திரை மட்டும் போட்டால் வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் இருப்பது புது வீடு என்றால் பெரும்பாலும் பிரிக் வெனீராக இருக்கும், செங்கல் வெளிப்பக்கம், உள்ளே வெறும் பிளாஸ்டர் போர்டு. சுவர் குளிரைப் பிடித்து வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கான்கிரீட் தரைதான் பிடித்து வைக்கும். டைல்ஸ் போட்ட ஹாலில் நன்றாகத் தெரியும், கார்ப்பெட் போட்ட ரூமில் தெரியாது.

குளிர்காலத்திலும் இதேதான், கேஸ் டக்டட்டை எல்லா ரூமுக்கும் ஓட்டாமல், பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை ஹாலில் இருக்கிற ஸ்பிளிட்டை ஹீட்டிங்கில் விடுங்கள்.

இங்கே ஃபீட்-இன் ஏன் இப்படிச் சரிந்தது என்று பலர் கம்பெனியைத் திட்டுகிறார்கள். திட்டலாம், ஆனால் சவுத் ஆஸ்திரேலியாவில் இதமான வெயில் அடிக்கிற சில ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மாநிலத்தின் மொத்தத் தேவைக்கும் கூரை சோலாரே போதுமானதாகி விடுகிறது. மொத்தச் சந்தையில் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது. எல்லார் தோட்டத்திலும் எலுமிச்சை காய்க்கிற மாதத்தில் யார் வந்து விலை கொடுத்து வாங்குவார்கள்?


கணக்குப்பிள்ளை (பிரிஸ்பேன்) எழுதியது:

இந்த மாதிரி விவாதங்களில் 'என் சுய பயன்பாடு (உற்பத்தியில் வீட்டிலேயே செலவாகிற பங்கு) 80 சதவீதம்' என்று பெருமையாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டு கிலோவாட் பேனல் போட்டால் தானாக 80 சதவீதம் வந்துவிடும், பில் மட்டும் குறையாது. மதியம் ஆள் இல்லாத வீட்டில் ஏசியை ஓட்டினாலும் சதவீதம் ஏறும். பார்க்கவேண்டியது ஒன்றுதான்: நகர்த்துகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் எத்தனை சென்ட் மிச்சம். டார்னீட்டுக்கு 30ல் 1.5 போக 28.5 சென்ட், அதனால் நகர்த்துவது லாபம். ராத்திரி 8 சென்டுக்குக் கார் சார்ஜ் செய்கிற பிளானில் இருக்கிறவர் அதைப் பகலுக்கு நகர்த்தினால் மிச்சம் ஆறரை சென்ட்தான், அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. இங்கே குவீன்ஸ்லாந்தில் பழைய 44 சென்ட் ஃபீட்-இன் திட்டத்தில் இருக்கிறவர்களுக்கு 2028 ஜூலை 1 வரை எல்லாமே தலைகீழ். அவர்கள் பகலில் ஒன்றையும் ஓட்டாமல் கிரிட்டுக்குத் தள்ளிவிட்டு ராத்திரி வாங்குவதுதான் கணக்கு.

பேட்டரிக்கு வருவோம். 40 யூனிட் பேட்டரியை எதை வைத்து நிரப்பப் போகிறீர்கள்? உங்கள் நல்ல வெயில் நாளிலேயே மிஞ்சியது 25. ராத்திரி தேவை 11. மீதி 29 யூனிட் இடத்துக்குக் காசு கொடுத்துச் சும்மா சுவரில் மாட்டி வைக்கப்போகிறீர்கள். மத்திய அரசின் பேட்டரிச் சலுகை 2025 ஜூலையில் ஆரம்பித்தபோது கொள்ளளவுக்குத் தகுந்தபடி தந்தார்கள், அதனால்தான் பெரிது பெரிதாக விற்றார்கள். 2026 மே மாதத்திலிருந்து 14 யூனிட் வரைக்கும்தான் முழு வீதம், அதற்கு மேல் போகப் போகக் குறைவு என்று மாற்றினார்கள். காரணம் இல்லாமல் இல்லை.

உங்கள் அளவுக்கு 10லிருந்து 13 போதும். வருஷ சராசரியாக ஒரு நாளைக்கு 8 யூனிட் பேட்டரியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று வையுங்கள். கோடையில் 11 கிடைக்கும், ஜூன், ஜூலையில் பாதிகூட நிரம்பாது, அதனால் எட்டு என்பதே தாராளம். 8 பெருக்கல் 28.5 சென்ட், வருஷத்துக்கு 830 டாலர் பக்கம். உள்ளே போய் வெளியே வருவதில் பத்தில் ஒரு பங்கு வீணாகும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். சலுகை போக என்ன விலை சொல்கிறார்களோ அதை இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள், பெரும்பாலான பேட்டரிக்கு வாரன்ட்டி பத்து வருஷம். எட்டு வருஷத்துக்குள் வந்தால் போடலாம், பன்னிரண்டு வந்தால் எனக்கு வேண்டாம். சுடுதண்ணீரை மாற்றினால் மதிய மிச்சம் கொஞ்சம் குறையும், ராத்திரிப் பழக்கமும் மாறலாம், அதனால் அதைச் செய்து ஒரு குளிர்காலம் போன பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள் என்பேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில கம்பெனிகள் பகல் 11 முதல் 2 வரை கரண்ட் இலவசம் என்று பிளான் வைத்திருக்கிறார்கள். மத்திய அரசும் 'சோலார் ஷேரர்' என்று தினம் மூன்று மணி நேரம் இலவசமாகக் கொடுக்கிற திட்டத்தை அறிவித்தது, 2026 ஜூலையிலிருந்து நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்து, சவுத் ஆஸ்திரேலியாவுக்கு. இப்படி ஒரு பிளானில் பேட்டரியைக் குளிர்காலத்திலும் கிரிட்டிலிருந்தே சும்மா நிரப்பலாம், மூன்று மணி நேரத்தில் 5 கிலோவாட்டில் 15 யூனிட். அப்போது பேட்டரிக் கணக்கு நன்றாகவே மாறும். ஆனால் அந்த பிளானின் சாயங்கால ரேட்டையும் தினசரிக் கட்டணத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இலவசம் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள்.


டார்னீட்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 270 லிட்டர் ஹீட் பம்ப்புக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறேன். கேஸ் அடுப்பையும் இண்டக்ஷனுக்கு மாற்றிவிட்டு, ஹீட்டிங்கை ஸ்பிளிட்டிலேயே ஓட்டிக்கொண்டால் கேஸ் கனெக்‌ஷனையே மூடிவிடலாம், அந்த தினசரிக் கட்டணமும் மிச்சம் என்று மனைவி சொல்கிறாள். தோசைக்கல் இண்டக்ஷனில் சரிவருமா என்பதுதான் அவளுக்குக் கவலை.

இன்னும் இரண்டு சந்தேகம். கரண்ட் போனால் பகலில் சோலாரில் வீடு ஓடும்தானே? அப்புறம் எலெக்ட்ரிக் கார் வாங்கினால் மதியம் சார்ஜ் செய்யலாம் என்கிறார்கள். நான் வாரநாளில் ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ட்ரெயினில் சிட்டிக்குப் போகிறவன், அது சரிப்படுமா?


பழைய ஃபியூஸ் (டண்டினோங்) எழுதியது:

ஓடாது தம்பி. லைன் செத்தவுடன் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று விதி. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு உங்கள் கூரையிலிருந்து ஷாக் போகும். பேட்டரி போட்டாலும் பேக்கப் வசதி உள்ளதாகக் கேட்டு, எந்த சர்க்யூட் அதில் வரவேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும்.

கார் விஷயத்தில் சனி, ஞாயிறு இருக்கே. சாதாரண 10 ஆம்ப் பிளக்கில் 2 கிலோவாட் சொச்சம் போகும். இரண்டு நாளும் ஐந்து ஐந்து மணித்தியாலம் போட்டால் 20 யூனிட், 120 கிலோமீட்டர் ஓடலாம். ஸ்டேஷனுக்கும் கடைக்கும் ஒரு கிழமைக்கு அது தாராளம். வாரநாள் பகலில் வீட்டில் நிற்காத காரை நம்பி ஏழு கிலோவாட் சார்ஜர் போடத் தேவையில்லை.


உப்புக்காற்று (அடிலெய்ட்) எழுதியது:

இரும்புத் தோசைக்கல் இண்டக்ஷனில் நன்றாகவே வரும், அடிப்பாகம் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் மட்டும் சூடேறாமல் இருக்க, முதல் ஐந்து நிமிஷம் குறைந்த சூட்டில் வைத்துவிட்டு அப்புறம் ஏற்றச் சொல்லுங்கள். நான்ஸ்டிக் அலுமினியக் கல் என்றால் காந்தம் ஒட்டுகிறதா பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.


ஹோம்புஷ்காரன் எழுதியது:

டைமர் வைக்கும்போது ஒன்று. மெல்பர்னில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை. குளிர்காலத்தில் 12.20 பக்கம், டேலைட் சேவிங்கில் 1.20 பக்கம். கோடையில் 11லிருந்து 3.30, குளிர்காலத்தில் 10.30லிருந்து 2.30 என்று வையுங்கள். வைஃபை இல்லாத டைமர் என்றால் அக்டோபரிலும் ஏப்ரலிலும் மணி மாறும்போது அதையும் கையால் மாற்ற வேண்டும், கரண்ட் போய் வந்த பிறகும் ஒரு தடவை பாருங்கள், சில மெக்கானிக்கல் டைமர் நின்ற இடத்திலிருந்துதான் ஓடும்.